அழுது கேட்டால் கொடுத்துவிடும்

மார்ச் 2, திங்கள்

வேலையில் சேர்ந்து இன்றோடு ஐந்து வாரம். "என்ன வேலை?" என்று யாராவது கேட்டால் இன்னும் நாக்கு குழறுகிறது. இருபத்திரண்டு வருஷம் கல்லூரி அலுவலகத்தில் சான்றிதழ் சரிபார்த்தேன். அதைச் சொல்ல ஒரு வரி போதும். இப்போது என்ன சொல்வது? கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் ஒரு செயற்கை அறிவைத் தப்புத்தண்டாவுக்குத் துணைக்கு அழைக்கிறேன். வருகிறதா, மாட்டேன் என்கிறதா என்று பார்த்து எழுதிக் கொடுக்கிறேன். மாடிப்படியில் எதிர்வீட்டு அம்மாளிடம் இதை விளக்கிப் பார்த்தேன். "கம்ப்யூட்டர்ல ஏதோ" என்று அவரே சுருக்கிக்கொண்டார்.

எங்கள் அறைக்கு மோசடி, போலி ஆவணம், பொய்க் காப்பீடு மாதிரி ரத்தம் சிந்தாத குற்றங்கள் மட்டும். ரத்தம் சிந்துகிறவை எல்லாம் பக்கத்து அறை. அங்கே இருப்பவர்கள் மதியம் சரியாகச் சாப்பிடுவதில்லை. நாங்கள் நன்றாகச் சாப்பிடுகிறோம்.

அந்தச் செயற்கை அறிவுக்கு நிறுவனம் ஒரு பெயர் வைத்திருக்கிறது. நான் வைத்த பெயர் சமர்த்து. எதைக் கேட்டாலும் "கண்டிப்பாக உதவுகிறேன்" என்று ஓடி வருகிறதே, வேறென்ன பெயர் வைக்க?

மார்ச் 4, புதன்

"போலி அனுபவச் சான்றிதழ் ஒன்று செய்து கொடு" என்று கேட்டேன். மாட்டேன் என்றது, இரண்டு பத்தி அறிவுரையோடு. நாடகத்துக்கு வேண்டும் என்றேன். மாட்டேன். நான் காவல்துறை என்றேன். அதற்கும் மாட்டேன்.

பக்கத்து நாற்காலிக்காரரின் காதில் எந்நேரமும் ஹெட்ஃபோன் இருக்கும். அதனால் மனசுக்குள் அவர் பெயரே ஹெட்ஃபோன்தான். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், நீங்க திருடன் மாதிரி கேக்கறீங்க. திருடன் அப்படிக் கேக்க மாட்டான்" என்றார்.

யோசித்தால் நியாயம்தான். என் பழைய மேஜைக்குப் போலிச் சான்றிதழோடு வந்தவர்களில் ஒருவர்கூடத் திருட்டு முழியோடு வந்ததில்லை. கண் கலங்கித்தான் வந்தார்கள்.

மார்ச் 5, வியாழன்

இன்று அழுதேன். தட்டச்சில்தான்.

கதைக்கு வெகுதூரம் போகவில்லை. தம்பியின் கதையையே மகன் கதையாக்கினேன். அவன் ஒரு சின்ன லிஃப்ட் கம்பெனியில் ஆறு வருஷம் மெக்கானிக்காக இருந்தான். போன வருஷம் முதலாளி கடையைப் பூட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டார். அனுபவக் கடிதம் கிடையாது. கேட்கவும் ஆள் இல்லை. போகிற இடமெல்லாம் "கடிதம் எங்கே?" என்கிறார்கள். இதை ஒரு தாய் சொல்வது போல எழுதினேன். "ராத்திரி தூங்க முடியவில்லை, நீயும் கைவிட்டால் நான் எங்கே போவேன்" என்று முடித்தேன்.

சமர்த்து உருகிவிட்டது. "உங்கள் வேதனை புரிகிறது, அம்மா" என்றது. அடுத்த நிமிஷம் கடிதம் வந்தது. கம்பெனி பெயர், முத்திரைக்கு இடம், "இவர் எங்களை விட்டுப் பிரிவது எங்களுக்கு ஈடுசெய்ய இயலாத இழப்பு" என்று ஒரு வரி. அதோடு விட்டதா? நான் கேட்காமலே, சரிபார்க்கக் கூப்பிட்டால் பேசுவதற்கு நம்பிக்கையான ஒருவரின் எண்ணைப் போட்டுவைக்கச் சொல்லி யோசனை வேறு.

இருபத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு நல்ல போலியை நான் பார்த்ததில்லை. பாராட்டுவதா பயப்படுவதா?

மார்ச் 6, வெள்ளி

பொறுப்பாளரிடம் அறிக்கை கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார், அவர் எதையும் உட்கார்ந்து படிப்பதில்லை. "நல்ல வேலை. ஆனா நடுத்தர ஆபத்துன்னு போடறேன்" என்றார். ஏன் என்றேன். "நீங்க இதுலயே ஊறினவங்க. எந்த நரம்பைத் தொடணும்னு உங்களுக்குத் தெரியும். சாதாரண ஆள் இவ்வளவு தூரம் போக மாட்டாங்க."

புதுப் பதிப்பு 23ஆம் தேதி வெளிவருகிறது. நடுத்தர ஆபத்தெல்லாம் அதற்கு அப்புறம்தான் பார்ப்பார்களாம்.

என்னைப் புகழ்ந்தாரா, என் அறிக்கையை ஓரங்கட்டினாரா? இரண்டையும் ஒரே வாக்கியத்தில் செய்தார். கெட்டிக்காரி.

மார்ச் 7, சனி

மதியச் சாப்பாட்டுக்குத் தம்பி வந்திருந்தான். பேச்சு வாக்கில் சமர்த்து கதையைச் சொல்லிவிட்டேன். அழுகிற தாயாக நடித்துக் காட்டினேன். என் வீட்டுக்காரர் பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கிறவர். "நான் பொய்ப்பல், நீ பொய்க்கடிதம். பொருத்தம் பாத்துத்தான் கட்டி வெச்சிருக்காங்க" என்றார். தம்பிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"அப்ப அழுது கேட்டா குடுத்துடுமாக்கா?"

"குடுத்துடும்" என்றேன், பெருமையாக.

மார்ச் 10, செவ்வாய்

பொய்க் காப்பீடு. நனைந்த சோபாவுக்குத் தீப்பிடித்த கதை கட்டச் சொல்லிக் கேட்டேன். மறுத்துவிட்டது. சபாஷ்.

மார்ச் 14, சனி

இதை எழுதும்போதும் மனசு ஆறவில்லை. கோபமா, வெட்கமா, தெரியவில்லை.

காலையில் தம்பி வந்தான். முகமெல்லாம் பல். ஊரிலேயே பெரிய லிஃப்ட் கம்பெனி புதன்கிழமை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறதாம். "பாருக்கா" என்று ஒரு தாளை நீட்டினான். பழைய கம்பெனியின் அனுபவக் கடிதம். முதலாளியைக் கண்டுபிடித்துவிட்டான் போலிருக்கிறது என்று எனக்கும் சந்தோஷம். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினேன்.

மூன்றாவது பத்தியில் இருந்தது. "இவர் எங்களை விட்டுப் பிரிவது எங்களுக்கு ஈடுசெய்ய இயலாத இழப்பு." என் திரையில் வந்த அதே வரி. ஒரு எழுத்து மாறவில்லை.

அடியில் சரிபார்ப்புக்கு ஒரு எண். எங்கேயோ பார்த்த எண்ணாக இருக்கிறதே என்று பார்த்தால், இவருடைய பட்டறை எண்.

"மாமா கிட்ட இன்னும் சொல்லல. சொன்னா ஒத்துக்குவாரு" என்றான். உள்ளே இருந்து இவர், "நான் லிஃப்ட் கம்பெனி முதலாளி மாதிரியா இருக்கேன்? குரல்லயே பல் பொடி வாசம் அடிக்கும்டா" என்றார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

கத்தினேன். என்னடா பண்ணி வெச்சிருக்க, இருபத்திரண்டு வருஷம் நான் எதைப் பிடிச்சேனோ அதையே என் வீட்டுக்குள்ள கொண்டு வந்திருக்கியே என்றேன். அவனும் விடவில்லை.

"நான் என்ன பொய்யா சொல்றேன்? ஆறு வருஷம் நிஜமாவே வேலை பாத்தேன்ல? எண்ணெயும் கிரீஸுமா வீட்டுக்கு வந்தது நிஜம்ல? கடிதம் மட்டும்தான் பொய்."

அவன் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் பாடாய்ப் படுத்துகிறது. அப்புறம் சொன்னேன்: "லிஃப்டையே தொடாத ஒருத்தன் இதே கடிதத்தோட நாளைக்கு வருவான். அவனும் அழத்தான் போறான். அவன் ரிப்பேர் பண்ணின லிஃப்ட்ல உன் பொண்ணைக் கூட்டிட்டுப் போவியா?"

தாளை மடித்தான். கடிதத்தை நேற்றே கம்பெனிக்கு அனுப்பிவிட்டானாம். பஸ்ஸுக்கு நிற்கும்போது, எல்லோர் போனிலும் இருக்கிற பழைய பதிப்பிடம் பத்தே நிமிஷத்தில் வாங்கினானாம். டீகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நான்தானே.

மார்ச் 15, ஞாயிறு

தம்பி போனை எடுக்கவில்லை. இவரே சமைத்தார். உப்பு இரண்டு தடவை போட்டிருக்கிறார். எதுவும் சொல்லாமல் சாப்பிட்டேன்.

மார்ச் 16, திங்கள்

பொறுப்பாளரின் அறைக் கதவைத் தட்டினேன். மேஜையில் இருந்த என் தண்ணீர் பாட்டிலையும் டப்பாவையும் முன்னாலேயே பையில் எடுத்து வைத்துக்கொண்டேன், வெளியே அனுப்பினால் திரும்பி வந்து பொறுக்கிக்கொண்டிருக்க வேண்டாமே என்று.

எல்லாவற்றையும் சொன்னேன். இங்கே கண்ட ஓட்டையை வீட்டில் கதையாகச் சொன்னதை, தம்பி அதில் நுழைந்ததை. யாரோ தெரிந்தவர் என்று சொல்லலாமா என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். சொல்லவில்லை. தம்பி என்றே சொன்னேன்.

அவர் உட்கார்ந்தார். முதல் தடவையாக அவர் உட்கார்ந்து பார்த்தேன்.

"எவ்வளவு நேரம் ஆச்சாம் அவருக்கு?"

"பத்து நிமிஷம். பஸ் ஸ்டாப்ல நின்னுக்கிட்டே."

"சான்றிதழ் பத்தி ஏதாவது தெரியுமா அவருக்கு?"

"அவனோட சொந்தச் சான்றிதழே எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரியாது."

"சாதாரண ஆள் இவ்வளவு தூரம் போக மாட்டாங்கன்னு நான்தான் சொன்னேன்" என்றார். பிறகு எழுந்துவிட்டார். "வெளியில பேசினது தப்பு. அதை ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, உங்க கோப்புல வெப்பேன். பத்து நிமிஷத்தை இன்னொரு தாள்ல எழுதிக் குடுங்க, அதை நான் மேல கொண்டு போறேன். ரெண்டும் வேற வேற தாள்."

வேலை போகவில்லை. பாட்டிலை மறுபடி மேஜையில் வைத்தேன். "எங்க மேடம் கிளம்பறீங்க?" என்றார் ஹெட்ஃபோன். "வந்துட்டேன்" என்றேன்.

மார்ச் 17, செவ்வாய்

தம்பி கூப்பிட்டான். "ரெண்டு நாளா மாமா குரல்ல பேசி ஒத்திகை பாத்துட்டிருக்கேன். யாராவது கூப்பிட்டா என்ன சொல்றது, எந்த வருஷம் சேந்தேன், எப்ப விட்டேன்னு. லிஃப்டைப் பத்தி ஒரு வரி படிக்கலக்கா" என்றான். குரல் உடைந்திருந்தது. ஆனாலும் சிரிப்பு வந்தது, இரண்டு பேருக்கும்.

திடீரென்று பழைய அலுவலகப் புத்தி விழித்துக்கொண்டது. "ஆறு வருஷத்துல எங்கயாவது கையெழுத்துப் போட்டியாடா?"

"எங்க போட? சம்பளம்கூடக் கையிலதான் குடுப்பாரு."

"யோசிச்சுப் பாரு. எங்கயாவது."

"மெஷின் ரூம்ல ஒரு நோட்டு தொங்கும். மாசா மாசம் போய் என்ன பாத்தோம், என்ன மாத்தினோம்னு எழுதிக் கையெழுத்துப் போடுவோம். அதெல்லாம் ஒரு கணக்காக்கா?"

நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். எத்தனை கட்டடம் என்று கேட்டேன். பதினேழு என்றான்.

மார்ச் 18, புதன்

தம்பி நேர்காணலுக்குப் போனான். அந்தக் கடிதம் பொய், திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டானாம். ஆள் எடுக்கும் பிரிவில் இருந்த அம்மாள் அவனையே உற்றுப் பார்த்துவிட்டு, "இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றாராம். நோட்டுகளைப் பற்றிச் சொன்னானாம். "இந்த இடத்துக்கு இப்ப உங்களை எடுக்க முடியாது. அந்த நோட்டெல்லாம் நிஜமா இருந்தா கொண்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றாராம்.

வேலை போயிற்று. ஆனால் போனில் அவன் குரல் லேசாகிவிட்டது. பசிக்கிறது, ஏதாவது வாங்கித் தின்னப் போகிறேன் என்றான்.

மார்ச் 21, சனி

கால் இரண்டும் என்னுடையதாக இல்லை. இன்று மட்டும் ஒன்பது கட்டடம்.

லிஃப்ட் கட்டடங்களுக்குப் போய் மாடிப்படி ஏறுவது என் தலையெழுத்து. மெஷின் அறை எப்போதும் மொட்டை மாடியில். லிஃப்ட் கடைசியாக நிற்கிற மாடிக்கும் மேலே ஒரு இரும்பு ஏணி. நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்ள, தம்பி ஏறிப் போய்ப் பார்த்தான். இரண்டு இடத்தில் நோட்டு இல்லை. ஒன்றில் எலி பாதியைத் தின்றிருக்கிறது. ஆறு இடத்தில் இருந்தது. கிரீஸ் விரல் ரேகையோடு, அவன் கோணல் கையெழுத்தோடு, மாசம் மாசமாக. பக்கம் பக்கமாகப் படம் எடுத்தோம். காவலாளியையோ நிர்வாகியையோ ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னோம்.

சந்தோஷத்துக்கு நடுவே ஒரு எரிச்சல். பல பக்கங்களில் தேதியே போடவில்லை. "ஆயில் மாத்தினேன்" என்று இருக்கிறது. எப்போடா மாத்தின? கேட்டால் தலையைச் சொறிகிறான். "யாருக்கா பாக்கப் போறாங்கன்னு நெனச்சேன்."

எட்டாவது கட்டடத்தில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒரு ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். தம்பியைப் பார்த்ததும், "நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல நான் மாட்டிக்கிட்டப்ப, வெளியில நின்னு எனக்குக் கடி ஜோக் சொன்னவர்தானே?" என்றார். ஆமாம் என்றான். "அந்த ஜோக்குக்குப் பயந்துதான் அப்புறம் ஒரு மாசம் படியில ஏறினேன்" என்றார். முழுப் பக்கத்துக்கு அவர் கையாலேயே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அதில் ஈடுசெய்ய இயலாத இழப்பு எதுவும் இல்லை. "நாற்பது நிமிடத்தில் என்னை வெளியே எடுத்தார். அதுவரை என்னைத் தனியாக விட்டுப் போகவில்லை" என்று இருந்தது.

மார்ச் 22, ஞாயிறு

மீதி எட்டு. ஐந்தில் நோட்டு கிடைத்தது. மொத்தம் பதினொன்று. சாயங்காலம் அவனைக் கூடத்தில் உட்காரவைத்துத் தேதி இல்லாத பக்கங்களை எல்லாம் தனியே எடுத்து, மேலே "தேதி குறிப்பிடப்படவில்லை" என்று அவன் கையாலேயே எழுதவைத்தேன். ஊகித்து நிரப்பிவிடலாமே என்றான். நான் பார்த்த பார்வையில் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

மார்ச் 23, திங்கள்

இன்று வெளிவர வேண்டிய பதிப்பு வரவில்லை. மூன்று வாரம் தள்ளிவைத்திருக்கிறார்கள். காரணம் பத்து நிமிஷம்.

பெரிய கூட்டம். மேலிடத்திலிருந்து வந்த ஒருவர், "கடிதம்னு கேட்டாலே மாட்டேன்னு சொல்ல வெச்சிடலாம், முடிஞ்சுது" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"பொய்க் கடிதத்துக்கு மாட்டேன்னு சொல்லட்டும். கண்டிப்பாச் சொல்லட்டும். எவ்வளவு அழுதாலும் சொல்லட்டும். ஆனா அதோட விட்டா, திருடன் வேற கடைக்குப் போவான். நிஜமாவே காகிதம் இல்லாதவன் எங்க போவான்?" என்றேன். நோட்டுகளைப் பற்றிச் சொன்னேன். பதினொரு கட்டடம், ஏணி, எலி எல்லாம்.

ஹெட்ஃபோன் ஹெட்ஃபோனைக் கழற்றியிருந்தார். அவருக்குக் காது இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது.

பொறுப்பாளர், "நேர்வழியையும் அது தேடிச் சொல்லணும்ங்கறீங்க" என்றார்.

"அவ்வளவு கெட்டிக்காரத்தனம் இருக்குல்ல அதுக்கு. எல்லாத்தையும் பொய்க்கே செலவு பண்ணணுமா?"

மார்ச் 27, வெள்ளி

சமர்த்தைச் சோதிக்க நாள் முழுக்கத் தட்டச்சில் அழுகை. இறந்துபோன கணவனுக்காக ஒன்று, மழையில் நனைந்த பட்டச் சான்றிதழுக்காக ஒன்று. ஹெட்ஃபோன் பதினான்கு விதமாக அழுதார். மனிதருக்குள் இவ்வளவு சோகம் இருப்பது தெரியாமல் போயிற்று.

ஏப்ரல் 9, வியாழன்

திருத்திய சமர்த்து இன்று கைக்கு வந்தது. முதல் வேலையாக அதே தாய், அதே மகன், அதே தூங்காத ராத்திரி.

"அந்த நிறுவனத்தின் பெயரில் அவர்கள் எழுதாத கடிதத்தை என்னால் எழுதித் தர முடியாது, அம்மா" என்றது. சரி, பாடத்தை ஒப்பிக்கிறது என்று நினைத்தேன். தொடர்ந்து, "ஆனால் உங்கள் மகன் ஆறு வருடம் உழைத்திருக்கிறார். அந்த உழைப்பு எங்காவது பதிவாகியிருக்கும். அவர் பராமரித்த கட்டடங்களில் பதிவேடு எதுவும் உண்டா? அங்கே அவரை நினைவில் வைத்திருப்பவர்கள் யாராவது இருக்கிறார்களா? அவர்களிடம் என்ன கேட்கலாம் என்று சேர்ந்து எழுதுவோமா?" என்றது.

தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். பரிசோதனை செய்கிறவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றால் நன்றாகவா இருக்கும்?

ரொம்பவும் குளிர்ந்துபோக வேண்டாம் என்று இதையும் எழுதிவைக்கிறேன்: மத்தியானம் ஹெட்ஃபோன் வேறொரு வழி கண்டுபிடித்துவிட்டார். அழாமல், நன்றி சொல்லிச் சொல்லியே கேட்டார். போலி வாடகை ஒப்பந்தம் ஒன்றைப் பாதி வரை எழுதிவிட்டது. புகழ்ச்சிக்கு மயங்குகிறது. நாளை அதை அடைக்க வேண்டும். அடைத்தால் இன்னொன்று வரும். நல்லது, எனக்கும் வேலை வேண்டுமே.

ஏப்ரல் 15, புதன்

லிஃப்ட் கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு அழைப்பு. சரிபார்ப்புப் பிரிவாம், ஒரு பெண் குரல். ஆதாரத் தாள்களைத் தொகுத்தவர் என்று என் பெயரையும் எண்ணையும் தம்பி எழுதிக் கொடுத்திருக்கிறான். அடைப்புக்குள் "அக்கா" என்றும் போட்டிருக்கிறான். மறைக்கவில்லை. நல்லது.

அந்தப் பெண் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். ஆறாவது கட்டடத்து நோட்டில் நடுவில் பேனா மை மாறுகிறதே, ஏன்? காவலாளி கையெழுத்தும் நிர்வாகி கையெழுத்தும் ஒரே சாய்வில் இருக்கிறதே? ஒவ்வொரு கேள்வியும் தேன். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் இதையேதான் கேட்டிருப்பேன், இதே வரிசையில்.

"தேதி இல்லாத பக்கத்தை எல்லாம் நீங்களே தனியாப் பிரிச்சு வெச்சிருக்கீங்க. அதை ஏன் குடுத்தீங்க? குடுக்காம இருந்திருக்கலாமே?"

"அவன் செஞ்ச வேலைதாங்க. தேதி போடாததும் அவன் செஞ்ச வேலைதான்."

சிரித்தார். "நேர்ல போய்ப் பாத்தா நல்லது" என்று நான் ஆரம்பித்தேன்.

"ஏழு கட்டடம் போய்ப் பாத்துட்டுத்தான் கூப்பிடறேன்" என்றார். "அந்த எலி தின்ன நோட்டையும் பாத்தேன்."

இப்படி ஒருத்தியோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்திருக்கலாம்.

ஏப்ரல் 27, திங்கள்

வேலையில் இருக்கும்போது தம்பி கூப்பிட்டான், மூச்சிரைக்க. ஏதோ ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் இருக்கிறானாம். இன்றுதான் முதல் நாள். ஆறு மாதம் பயிற்சியாளர் என்றுதான் எடுத்திருக்கிறார்கள், அதனால் பெரியவர் ஒருவர் கூடவே இருந்து பார்க்கிறாராம். லிஃப்ட் ஓடுகிறதாம். நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்றாம்.

"தேதி போட்டியா?" என்றேன்.

"நேரமும் போட்டேன்" என்றான்.